கவுன்டிக் கோடும் வாடகைக் கணக்கும்

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், அரிசோனா எல்லையை ஒட்டிக் கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஐயாயிரம் பேர் அளவில் மக்கள்தொகை. சுற்றிலும் மொஹாவே பாலைவனம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலைக்குப் போய்வருவோர் நிறைந்த ஒன்டாரியோ, ராஞ்சோ குக்கமாங்கா போன்ற நகரங்கள் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. ஆனாலும் அமெரிக்க அரசின் வீட்டு உதவித் திட்டங்களுக்கு நீடில்ஸும் ராஞ்சோ குக்கமாங்காவும் ஒரே பெருநகரத்தின் இரு பகுதிகள். இரண்டும் சான் பெர்னார்டினோ என்ற ஒரே கவுன்டிக்குள், அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரே நிர்வாகப் பகுதிக்குள், இருப்பதுதான் காரணம். கேரள மாநிலத்தைவிடப் பரப்பில் பெரிய அந்தக் கவுன்டியில் மக்கள் நெருங்கி வாழ்வது தென்மேற்கு மூலையில் மட்டுமே. அந்த மூலையை வைத்துக் கவுன்டி முழுவதும் பெருநகரப் பகுதியாகிவிடுகிறது. பெருநகரம் முழுமைக்கும் அரசு வெளியிடும் வாடகை அளவுகோலும் பாலைவனம் வரை நீள்கிறது.

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவி கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும், அந்தத் தொகைக்கு எந்தத் தெருவில் வீடு பார்க்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அமெரிக்காவில் இத்தகைய கோடுகளே பெருமளவு விடை சொல்கின்றன. வீட்டுவசதி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒதுக்கீட்டுத் தொகையைச் சுற்றியே நடக்கின்றன. கோடுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவற்றை வரைந்தவர்களின் நோக்கம் வேறு, அவற்றால் இன்று நடக்கும் வேலை வேறு. இந்த இடைவெளி ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோட்டை வரைவது வெள்ளை மாளிகையின் கீழ் இயங்கும் மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகம். ஒரு காலத்தில் ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றியபடி நகரத்தின் எல்லையை வகுத்துக்கொண்டது. ஒரு துறையின் புள்ளிவிவரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியவில்லை. அதைச் சரிசெய்ய, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரே இலக்கணம் வகுத்தார்கள். இன்றைய விதிப்படி, குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்பகுதி ஒன்று நடுவே இருக்க வேண்டும். அது அமைந்த கவுன்டி மையக் கவுன்டி. பக்கத்துக் கவுன்டியில் வாழும் உழைப்பாளர்களில் 25 சதவீதமாவது மையத்துக்கு வேலைக்குப் போனால், அல்லது அந்தக் கவுன்டியின் வேலைகளில் 25 சதவீதத்தையாவது மையத்திலிருந்து வருவோர் செய்தால், அதுவும் பெருநகரத்தோடு சேரும். நடுவில் 10,000 முதல் 50,000 பேர் வரை உள்ள இடங்களுக்குச் சிறுநகரப் பகுதி என்ற தனிப்பிரிவு 2003இல் வந்தது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் வரைபடம் மாறும். கடைசிப் பெரிய மாற்றம் 2023 ஜூலையில் வந்தது.

ஆகவே இந்த இலக்கணம் பார்ப்பது மக்கள் எண்ணிக்கையையும் வேலைக்குப் போய்வரும் வழிகளையும் மட்டுமே. வாடகையையோ வறுமையையோ அது பார்ப்பதில்லை. கவுன்டியை உடைப்பதும் இல்லை. நகர்ப்புறம், கிராமப்புறம் என்ற பிரிவோடும் அது ஒத்துப்போவதில்லை. 2010 கணக்கெடுப்பின்படி கிராமப்புறத்தில் வாழ்ந்த அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெருநகரக் கவுன்டிகளுக்குள்தான் வாழ்ந்தார்கள். இக்கோடுகள் புள்ளிவிவரத்துக்கானவை, நிதி பங்கிடும் திட்டங்களுக்கு யோசிக்காமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த அலுவலகமே ஒவ்வொரு முறையும் எச்சரித்து வருகிறது. எச்சரிக்கை ஒரு பக்கம் இருக்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் துறைகளும் சட்டத்துக்குச் சட்டம் அதே கோடுகளை எழுதிவைத்தன.

வீட்டுவசதியில் இதன் முதல் விளைவைக் காண வவுச்சர் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1974இல் பிறந்த செக்‌ஷன் 8 திட்டத்தின் வழிவந்த இது, இன்று ஏறத்தாழ 23 லட்சம் குடும்பங்களுக்கு வாடகை உதவி தருகிறது. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்கும். மீதியை உள்ளூர் வீட்டுவசதி வாரியம் மத்திய அரசின் பணத்திலிருந்து வீட்டுக்காரருக்குச் செலுத்தும். ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு பெருநகரத்துக்கும் ‘நியாயச் சந்தை வாடகை’ என்றொரு தொகையை அறிவிக்கிறது. அண்மையில் குடிவந்தவர்கள் கொடுக்கும் வாடகைகளைக் குறைந்ததிலிருந்து வரிசையாக அடுக்கினால், நூறில் நாற்பதாவது இடத்தில் வரும் தொகை அது. உள்ளூர் வாரியம் பொதுவாக அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் தன் உச்சவரம்பை வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெருநகரம் முழுமைக்கும் நியாயச் சந்தை வாடகை 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய்க்கு மாதம் 1,500 டாலர் வருமானம். அவர் பங்கு 450 டாலர், அரசின் பங்கு அதிகபட்சம் 1,050. நல்ல பள்ளிக்கூடம் உள்ள புறநகரில் வீட்டு வாடகை 2,000 என்றால், மிச்சம் 950 டாலரை அவரே கொடுக்க வேண்டும். வருமானத்தில் அது 63 சதவீதம். புதிதாகக் குடிபோகும்போது 40 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தால் விதியே அந்த வீட்டை அனுமதிக்காது. வாரியம் தன் வரம்பை 110 சதவீதத்துக்கு உயர்த்தினாலும் அவர் பங்கு 800 டாலர், அதாவது 53 சதவீதம். அப்போதும் வழியில்லை. அதே பெருநகரத்தின் மறுபக்கம், வறுமை அடர்ந்த வட்டாரத்தில் 1,100 டாலருக்கே வீடு கிடைக்கிறது. அங்கே உச்சவரம்பு சந்தை வாடகையைவிட மேலே நிற்பதால், வவுச்சர்காரருக்கென்று வாடகையை ஏற்றிக் கேட்க வீட்டுக்காரருக்கு இடமிருக்கிறது. பெருநகரம் முழுமைக்கும் ஒரே தொகை என்ற ஏற்பாடு இப்படி ஏழைக் குடும்பங்களை ஏற்கெனவே ஏழ்மை சூழ்ந்த தெருக்களுக்கே தள்ளுகிறது. அமெரிக்காவின் இனப் பிரிவினை வரலாற்றில் அந்தத் தெருக்கள் எவருடையவை என்பது சொல்லாமலே விளங்கும்.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது டாலஸ் நகரத்தில் இயங்கும் இன்க்ளூசிவ் கம்யூனிட்டீஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு. வவுச்சர் பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் புறநகரில் வீடு தேட உதவிவந்த அமைப்பு அது. பெருநகரம் தழுவிய ஒற்றை வாடகை அளவு அந்தக் குடும்பங்களைப் பிரிவினை நிலவும் பகுதிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று 2007இல் மத்திய வீட்டுவசதித் துறைமீது வழக்குத் தொடுத்தது. 2010இல் சமரசம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டுமுதல் டாலஸில் வாடகை அளவு ஜிப் கோடு, அதாவது அஞ்சல் குறியீட்டெண், வாரியாகக் கணக்கிடப்பட்டது. வாடகை கூடிய பகுதிக்குக் கூடிய தொகை, குறைந்த பகுதிக்குக் குறைந்த தொகை. 2012இல் லாங் பீச், சட்டனூகா, லரேடோ உள்ளிட்ட ஐந்து இடங்களில் இதைச் சோதனையாக நடத்தினார்கள்.

டாலஸ் அனுபவத்தை ஆராய்ந்த ராபர்ட் காலின்சன், பீட்டர் கனோங் இருவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரையை இத்துறையில் அக்கறையுள்ள எவரும் தவிர்க்க முடியாது. பெருநகரம் முழுவதற்கும் உச்சவரம்பை உயர்த்தினால், கூடுதல் பணம் பெரும்பாலும் வாடகை உயர்வாக வீட்டுக்காரர்களிடமே போகிறது, குடும்பங்கள் வாழும் இடத்தின் தரம் அதிகம் மாறுவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஜிப் கோடு வாரியாக வரம்பு வைத்தபோது குடும்பங்கள் வறுமையும் வன்முறையும் குறைந்த பகுதிகளுக்குப் போயின. அரசுக்கு ஏறக்குறைய கூடுதல் செலவே இல்லை. தாழ்ந்த பகுதிகளில் மிச்சமான பணமே உயர்ந்த பகுதிகளின் செலவை ஈடுகட்டியது. செலவைக் கூட்டாமல் கோட்டைத் திருத்தியே ஏழைக்கு நன்மை செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என் வாசிப்பில் கிடைக்கவில்லை.

இடம் மாறுவது அவ்வளவு முக்கியமா என்று கேட்போருக்கு ஏழைக் குடும்பங்கள் இடம் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க 1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய மூவிங் டு ஆப்பர்சூனிட்டி சோதனை பதில் தருகிறது. அதில் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை ராஜ் செட்டி, நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குப் போன பிள்ளைகள் வளர்ந்தபின் ஈட்டிய வருமானம், போகாதவர்களைவிட ஏறத்தாழ 31 சதவீதம் அதிகம். பதின்வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது உச்சவரம்பு தடுத்த வீடு, பதினைந்து வயதில் கிடைத்தாலும் பயன் அதுவாக இராது.

2016 நவம்பரில் மத்தியத் துறை சிகாகோ, டாலஸ், அட்லாண்டா, பிலடெல்பியா, வாஷிங்டன் உள்ளிட்ட 24 பெருநகரங்களில் ஜிப் கோடு முறையைக் கட்டாயமாக்கியது. ஆட்சி மாறியதும் 2017இல் இதை இரண்டாண்டுகள் தள்ளிவைக்க முயன்றார்கள். கனெக்டிகட்டின் ஓபன் கம்யூனிட்டீஸ் அலையன்ஸ் முதலானோர் வழக்குத் தொடுத்தனர். டிசம்பரில் நீதிபதி பெரில் ஹவல் தள்ளிவைப்பைத் தடுத்தார். 2023இல் மேலும் 41 பெருநகரங்கள் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த முறைக்கும் குறை உண்டு. ஜிப் கோடு தபால் பட்டுவாடாவுக்காகப் பிறந்தது, அதுவும் வேறு வேலைக்கு வரைந்த கோடே. ஒரே ஜிப் கோட்டுக்குள் மாளிகையும் குடிசையும் இருக்கலாம். வாடகை தாழ்ந்த பகுதியில் வரம்பு இறங்கும்போது, அங்கேயே வாழ விரும்பும் முதியவர் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே குடியிருப்போருக்குப் பழைய வரம்பைத் தொடர வாரியங்களுக்கு அனுமதி உண்டு, எல்லாரும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. வரம்பு உயர்ந்தாலும் வீட்டுக்காரர் வவுச்சரை ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நிற்கிறது. வவுச்சர் வைத்திருப்பதைக் காரணம் காட்டி மறுப்பதை நகரங்கள் பொதுவாகத் தடைசெய்ய முடியாதபடி 2015இல் டெக்சாஸ் மாநிலம் சட்டமியற்றியது. டாலஸ் இருப்பதும் அதே டெக்சாஸில்தான்.

வாடகையைவிடச் சிக்கலானது வருமானக் கணக்கு. வருமான வரிசையில் நட்டநடுவே நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை அந்தப் பகுதியின் இடைநிலை வருமானம் என்கிறார்கள். அதில் 80, 50, 30 சதவீதம் என்று வெட்டி, ‘குறைந்த’, ‘மிகக் குறைந்த’, ‘மிக மிகக் குறைந்த’ வருமானம் என்று பிரிக்கிறார்கள். தலைநகர் வாஷிங்டனை எடுத்துக்கொள்வோம். அதன் பெருநகரப் பகுதியில் வர்ஜீனியாவின் லவுடன், ஃபேர்ஃபாக்ஸ், மேரிலாந்தின் மான்ட்கோமரி போன்ற நாட்டிலேயே செல்வம் மிகுந்த கவுன்டிகள் அடங்கும். அவற்றையும் சேர்த்து 2023இல் மத்தியத் துறை அறிவித்த இடைநிலைக் குடும்ப வருமானம் 1,52,100 டாலர். இதில் 60 சதவீதம் என்றாலே 91,000 டாலரைத் தாண்டும். அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழும் 7, 8ஆம் வார்டுகளின் இடைநிலைக் குடும்ப வருமானம் அந்த 1,52,100இல் பாதியைக்கூட எட்டாது. ‘கட்டுப்படியாகும் வீடு’ என்று பலகை மாட்டிய கட்டடம் பக்கத்தில் எழும்போது அங்குள்ளவர்களுக்கு அது எட்டாமல் போவதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

வாடகை வீடு கட்டுவோருக்கென 1986இல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் இந்த விளைவு இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான வாடகை வீடுகள் இன்று பெரும்பாலும் அத்திட்டத்தின் மூலமே கட்டப்படுகின்றன. வவுச்சர் குடும்பம் தன் வருமானத்தைப் பொறுத்து வாடகை கொடுக்கிறது. வரிச்சலுகை வீட்டிலோ, பகுதியின் வருமான வரம்பை வைத்தே வாடகையின் உச்சம் தீர்மானிக்கப்படுகிறது. அக்கம்பக்கத்துச் செல்வந்தக் கவுன்டி ஒன்று பெருநகரத்தில் சேர்ந்து இடைநிலை வருமானம் ஏறினால், குடியிருப்பவரின் சம்பளத்தில் ஒரு டாலர்கூட ஏறாமலே அவர் வீட்டு வாடகையை உயர்த்தலாம். 2008இல் வந்த சட்டம், ஒரு கட்டடத்துக்கு ஏறிய வரம்பு பிறகு இறங்காமல் காக்கிறது. கட்டியவருக்கு அது பாதுகாப்பு. குடியிருப்பவருக்கு அதற்கு இணையான பாதுகாப்பு இல்லை.

நியூயார்க் கதை தனி. நகரத்து வாடகைதாரர் கூட்டங்களில், வடக்கேயுள்ள செல்வந்த வெஸ்ட்செஸ்டர் கவுன்டியைச் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் வருமான வரம்பு இவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற குறை அடிக்கடி எழும். உண்மையில் வெஸ்ட்செஸ்டரின் வருமான வரம்புகளை, அது பெருநகரத்துக்கு வெளியே இருப்பதுபோலத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று காங்கிரஸ் 1937 வீட்டுவசதிச் சட்டத்தில் பின்னாளில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறது. நியூயார்க் நகரின் வரம்பை மேலே தூக்குவது, வாடகை மிக உயர்ந்த இடங்களுக்கென்று உள்ள திருத்த விதி. அங்கே வருமானத்தோடு வாடகையும் கணக்கில் நுழைந்து வரம்பை ஏற்றுகிறது. குறை நியாயமானது, காரணம் வேறு. ஒரு கவுன்டிக்காகச் சட்டத்திலேயே கோட்டை வளைக்க முடிந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

துறையே கோட்டை வளைத்ததும் உண்டு. 2003இல் வரைபடம் பெரிதாக மாறியபோது பல பெருநகரங்கள் வீங்கின. அப்படியே ஏற்றால் சில இடங்களில் வாடகையும் வருமான வரம்பும் ஒரே இரவில் குதிக்கும் அல்லது சரியும். ஆகவே 2006ஆம் நிதியாண்டிலிருந்து, புதிதாகச் சேர்ந்த பகுதியின் வாடகையோ வருமானமோ 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அதைத் தனி வாடகைப் பகுதியாகப் பிரித்துவைத்தார்கள். வருமான வரம்புகள் ஓராண்டில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்ற விதி 2010இல் வந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு. இத்தனை திருத்தம் தேவைப்படுவதே, எடுத்துக்கொண்ட அளவுகோல் வேலைக்குப் பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறது.

மற்றத் திட்டங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு தரும் வீட்டுக் கடனுக்கும் பெருநகர வாரியாக உச்சவரம்பு உண்டு. ஆனால் அங்கே பெருநகரத்தில் வீட்டு விலை மிக உயர்ந்த கவுன்டியை எடுத்து, அதன் வரம்பையே எல்லாக் கவுன்டிகளுக்கும் தருகிறார்கள். வீடு வாங்குவோருக்கு உச்சமான கவுன்டியின் அளவு, வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக்கு நூறில் நாற்பதாவது இடத்தின் அளவு. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம். வேளாண் துறையின் கிராமப்புற வீட்டுத் திட்டங்களில் இதே கோடு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை வாழும் ஊர், பெருநகரப் பகுதிக்கு வெளியே இருந்து, வீட்டுக் கடன் கிடைப்பதும் அரிதாக இருந்தால்தான் கிராமமாகக் கருதப்படும். கவுன்டியின் மறுகோடியில் உழைப்பாளர்கள் போய்வரும் வழக்கம் மாறினால், இந்தக் கோடியில் இருக்கும் ஊர் தகுதியை இழக்கலாம். இத்தகைய ஊர்களுக்குக் காங்கிரஸ் அவ்வப்போது விதிவிலக்கு நீட்டித்துக் காப்பாற்றுகிறது.

1974இல் தொடங்கிய சமுதாய மேம்பாட்டு நிதியில் சிறு நகரங்களுக்குக் கோடு உயிர்நாடி. அதில் 70 சதவீதம் நேரடி உரிமை பெற்ற நகரங்களுக்கும் பெரிய கவுன்டிகளுக்கும் போகிறது, 30 சதவீதம் மாநிலங்கள் வழியே மற்ற ஊர்களுக்குப் போகிறது. பெருநகரப் பகுதியின் முதன்மை நகரம் என்ற தகுதி இருந்தால் 50,000 பேர் இல்லாவிட்டாலும் நேரடி உரிமை உண்டு. அதனால்தான், பெருநகரத் தகுதிக்கான எண்ணிக்கையை 50,000இலிருந்து 1,00,000 ஆக உயர்த்தலாம் என்று 2021 ஜனவரியில் முன்மொழிந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஓரிகானின் கோர்வாலிஸ் போன்ற 144 பெருநகரப் பகுதிகள் தகுதி இழந்திருக்கும். இது வெறும் புள்ளிவிவர மாற்றம் என்று அலுவலகம் சொன்னதை நகர மேயர்கள் ஏற்கவில்லை. ஜூலையில் உயர்வு கைவிடப்பட்டது. 2022 இறுதியில் நிறைவேறிய ஒரு சட்டம், இத்தகைய மாற்றங்கள் நிதித் திட்டங்களுக்குத் தாமாகவே பாயக்கூடாது என்றும், ஒவ்வொரு துறையும் தனியே ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்றும் விதித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.

இத்தனையும் படித்தபின், பெருநகரம் என்ற பெரிய வட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் சிறு வட்டாரமாக்கிவிடலாம் என்று தோன்றலாம். அது ஆபத்தான முடிவு. சிகாகோவின் டாரதி கோட்ரோ முதலானோர் 1966இல் தொடுத்த வழக்கு இதற்குச் சாட்சி. நகர வாரியம் அரசுக் குடியிருப்புகளைக் கறுப்பின வட்டாரங்களிலேயே கட்டிவந்ததை எதிர்த்த வழக்கு அது. பரிகாரம் நகர எல்லையோடு நிற்க வேண்டுமா, வெள்ளையர் வாழும் புறநகர்களுக்கும் நீளலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976இல் நீதிமன்றம், வீடு தேடுவோரின் களம் பெருநகர வீட்டுச் சந்தை முழுவதும்தான், ஆகவே மத்தியத் துறையின் பரிகாரம் நகர எல்லையைத் தாண்டலாம் என்று தீர்த்தது. அதன் பயனாக 1998 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிகாகோவிலும் அதன் புறநகர்களிலும் வாடகை உதவியோடு புதிய இடங்களுக்குப் போயின. தீர்ப்பைக் காண டாரதி கோட்ரோ உயிரோடில்லை, 1968இலேயே இறந்துவிட்டார். பெருநகரம் என்ற கருத்தே இல்லாதிருந்தால், சிகாகோவின் ஏழைகள் சிகாகோவின் பொறுப்பு, எங்களுக்கு என்ன என்று புறநகர்கள் தட்டிக்கழித்திருக்கும். இன்றும் வவுச்சர் வாரியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் சிதறிக் கிடக்கின்றன. வாடகை அளவு மட்டும் பெரும்பாலும் பெருநகரத்துக்குப் பொது, நிர்வாகமோ ஊருக்கு ஊர் தனி. வாரிய எல்லையைத் தாண்டிக் குடிபோகும் குடும்பம் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைகிறது.

என் முடிவு இதுதான். வாடகையை அளக்கும் கோடு வட்டார அளவுக்குச் சுருங்க வேண்டும். வருமானத் தகுதியை, குறிப்பாக வரிச்சலுகை வீடுகளின் வாடகை உச்சத்தை, செல்வந்தப் புறநகர்களின் சம்பளத்தோடு கட்டிவைப்பதை நிறுத்த வேண்டும். பொறுப்பையும் நிர்வாகத்தையும் பங்கிடும் கோடு பெருநகரம் முழுவதும் விரிய வேண்டும். இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

அடுத்த கணக்கெடுப்பு 2030இல் வரும். அதையொட்டிப் புதிய விதிகளின் வரைவை மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகம் அரசிதழில் வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். 2021இல் முன்மொழிவு கைவிடப்பட்டதற்குச் சிறு நகரங்கள் எழுதிய கடிதங்கள் பெரிய காரணம். வாடகைதாரர் சங்கங்களும் வவுச்சர் பெறும் குடும்பங்களும் அவர்களுக்காக வாதாடுவோரும் அந்த வரைவைப் படித்து, தங்கள் தெருவின் வாடகையையும் வருமானத்தையும் எண்களோடு குறிப்பிட்டுக் கருத்து அனுப்ப வேண்டும்.